யாருடைய சிரமம்?

அந்தப் படிவத்தில் நான் எழுதிய 20 சரிதானா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

டிக் என்பது தன்னையும் மீறித் திடீரெனத் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. அதன் கடுமையை அளக்கும் யேல் அளவுகோலில் அசைவு டிக்குகளுக்கு 25, ஒலி டிக்குகளுக்கு 25. எத்தனை வகை, எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு தீவிரம் என்று கேட்டு நிரப்பிவிடலாம். டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் கூடும். அதனால் இடைவெளி விட்டுத்தான் கேட்பேன். மிச்சமுள்ள 50, அவற்றால் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு. சிக்கல் அங்கேதான்.

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, டாக்டர்” என்றான் பையன். சொல்லும்போதே கழுத்து வெட்டி இழுத்தது. வலிக்கிறதா என்றேன். “பழகிவிட்டது.”

அவன் அம்மா குறுக்கிட்டார்: “எனக்காகப் பொய் சொல்கிறான், டாக்டர். நான் அழுவதைப் பார்த்திருக்கிறான்.”

அவன் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. அம்மாவின் கணக்கில் 40, அவன் கணக்கில் 10. நான் 20 போட்டேன். மருந்து இப்போதைக்கு வேண்டாம், டிக்குக்குப் பதிலாக வேறொன்றைச் செய்யப் பழக்கும் பழக்கமாற்றுப் பயிற்சியில் தொடங்கலாம் என்றேன்.

காரணங்கள் என்னிடம் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அமெரிக்க நரம்பியல் அகாதமியின் 2019 வழிகாட்டுதல் மருந்துக்கு முன்பாக இந்தப் பயிற்சியை வைக்கிறது. டிக்குக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டும். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்துக்குப் போகும் டிக்குகள், பலருக்குப் பதின்பருவம் முடிவதற்குள் தணிந்துவிடுகின்றன. உடல் அவனுடையது, அவன் சொல்லை எடுத்துக்கொள்ளாமல் வேறு யாருடைய சொல்லை எடுத்துக்கொள்வது? ஆனால் அம்மாவைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை என்றால், நான் மதித்தது அவன் சொல்லையா, அவன் பயத்தையா? தனியாகக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அடக்கத் தெரிந்த பிள்ளை, டிக்கை மட்டும்தான் அடக்குவான் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை வந்தபோது, எந்த டிக்கிலிருந்து தொடங்கலாம் என்று அவனையே கேட்டேன். எது அதிகம் தொந்தரவு தருகிறதோ அதை முதலில் எடுப்பது இந்தப் பயிற்சியின் முறை. கழுத்தைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். தொண்டைச் செருமலைச் சொன்னான். செருமத் தூண்டும் உந்துதல் எழும் கணத்தில் மூக்கால் மெதுவாக மூச்சுவிட்டு, அது தணியும்வரை தொடரக் கற்றுக்கொடுத்தேன். ஆர்வமாகச் செய்தான். என் முடிவு சரிதான் என்று அன்று தோன்றியது.

செருமல் அவனுக்கு வலிப்பதில்லை. வீட்டில் எல்லோர் காதிலும் விழுவது அதுதான்.