ஜெயில்ல இருந்து வந்தவங்களுக்கு வேலை தேடிக் குடுக்குறது: ஓனர் சரின்னு சொன்னா மட்டும் பத்தாது

ரிலீஸ் ஆகி வெளிய வர்றவங்களுக்காக பக்கத்துல இருக்குற ஒர்க்‌ஷாப், குடோன், சின்ன கம்பெனி ஓனர்ங்ககிட்ட பேசி வேலைல சேர்த்து விடுறத நாங்க சில பேர் சேர்ந்து பண்ணிட்டிருக்கோம். எப்படி ஆரம்பிக்குறதுன்னு நிறைய பேர் கேக்குறதால நடந்தத அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

பேப்பர் வேலை எவ்வளவு சீக்கிரம் தொடங்குறீங்களோ அவ்வளவு நல்லது. உள்ள இருந்து வர்றவர் கையில பெரும்பாலும் அடையாள அட்டை இருக்காது, இருந்தா அதுல பழைய அட்ரஸ், பேங்க் அக்கவுன்ட் முடங்கிப் போயிருக்கும், பழைய போன் நம்பர் இப்ப வேற யார்கிட்டயோ இருக்கும், இதெல்லாம் இல்லாம எந்த கம்பெனியும் சம்பளம் போட முடியாது. ரிலீஸ் தேதி தெரிஞ்ச உடனே ஜெயில் அதிகாரிங்க மூலமா இத ஆரம்பிச்சிருங்க.

அடுத்து ஓனர்ங்க. பெரிய கம்பெனில எச்ஆர் "பாலிசி சார்"ன்னு ரெண்டே வார்த்தைல அனுப்பி வச்சிருவாங்க, தானே முடிவெடுக்குற சின்ன முதலாளிகிட்டதான் உக்காந்து பேச முடியும். அங்கயும் உதவி பண்ணுங்கன்னு ஆரம்பிச்சா நன்கொடை குடுப்பாங்களே தவிர வேலை குடுக்க மாட்டாங்க. "உங்ககிட்ட எந்த வேலைக்கு ஆள் நிக்கவே மாட்டேங்குது?"ன்னு கேட்டுப் பாருங்க, மனுஷன் அரை மணி நேரம் அவர் கஷ்டத்த சொல்வார், நமக்கு வேண்டியது அதுலயே இருக்கும்.

வேற யாராவது இப்படி பண்றாங்களான்னு கண்டிப்பா கேப்பாங்க. பிரிட்டன்ல ஷூ ரிப்பேர் பண்ற, சாவி போட்டுத் தர்ற டிம்ப்சன் கடைகள்ல வேலை பாக்குறவங்கள்ல சுமாரா பத்துல ஒருத்தர் ஜெயில்ல இருந்து வந்தவர், அந்த கம்பெனிய நடத்துன ஜேம்ஸ் டிம்ப்சனையே 2024ல அங்க சிறைத்துறைக்கு அமைச்சரா போட்டாங்கன்னு சொல்லுவேன். நியூயார்க் பக்கம் 1982ல ஆரம்பிச்ச க்ரேஸ்டன் பேக்கரில இன்டர்வியூவும் கிடையாது பேக்ரவுண்ட் செக்கும் கிடையாது, பேர எழுதி வச்சிட்டுப் போனா முறை வரும்போது கூப்பிடுவாங்க. இத சொன்னா பல பேர் சிரிப்பாங்க, டிம்ப்சன் கதைக்குத்தான் காது குடுப்பாங்க, லாபத்துல ஓடுற கம்பெனி பாருங்க.

அப்புறம் திருட்டு பயம். அமெரிக்கால இதுக்குன்னே 1966ல இருந்து ஃபெடரல் பாண்டிங் ப்ரோக்ராம்னு ஒண்ணு இருக்கு, வேலைக்கு சேர்ந்து முதல் ஆறு மாசத்துல அந்த ஆள் திருடி நஷ்டமானா ஓனருக்கு ஈடு கிடைக்கும், அதுக்கு அவர் ஒரு காசும் கட்ட வேணாம். எங்களால அந்த மாதிரி எதுவும் தர முடியாது, எப்ப கூப்பிட்டாலும் எடுக்குற ஒரு போன் நம்பர்தான் எங்க கேரண்டி. என்ன கேஸுங்கறத நாங்க மறைக்கிறதில்ல, ஆனா அத அவரே தன் வாயால சொல்லணும், நாங்க பக்கத்துல இருப்போம். பணம் கையாடல் கேஸ்னா கல்லாப் பக்கம் கேக்க மாட்டோம், குடிச்சிட்டு வண்டி ஓட்டுன கேஸ்னா டிரைவர் வேலை கேக்க மாட்டோம், அவ்வளவுதான், மத்த வேலைக்கு அந்தக் கேஸுக்கு என்ன சம்பந்தம்?

இப்ப முக்கியமான விஷயம். ஓனர் சரின்னுட்டார்னு சந்தோஷப்பட்டு நின்னுடாதீங்க, தினமும் வேலை வாங்கப் போறது சூப்பர்வைசர். ஒரு இடத்துல ஓனர் அவர்கிட்ட விஷயத்தையே சொல்லல, யார் மூலமாவோ தெரிஞ்சு அவருக்கு ஒரே கோபம், அந்த நேரம் பாத்து ஸ்டோர்ல ஒரு டிரில் மிஷின காணோம், எல்லார் பார்வையும் நம்ம ஆள் மேல, மிஷின் சர்வீஸுக்குப் போயிருந்தது பின்னாடிதான் தெரிஞ்சது, அதுக்குள்ள அவர் வேலைய விட்டுட்டார். இப்பல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே சூப்பர்வைசர், வேலைக்கு வர்றவர், எங்கள்ல ஒருத்தர், மூணு பேரும் உக்காந்து பேசியே ஆகணும். கூட வேலை செய்றவங்களுக்கு சொல்றதும் சொல்லாததும் வேலைக்கு வர்றவர் இஷ்டம்.

அந்தப் பேச்சுல சில பழக்கத்தப் பத்தி முன்கூட்டியே சொல்லிடுவோம். பல வருஷம் உள்ள இருந்தவர் பாத்ரூம் போகக்கூட பர்மிஷன் கேப்பார், ஒரு வேலை முடிஞ்சா அடுத்தத சொல்ற வரைக்கும் அப்படியே நிப்பார், புரியலன்னாலும் கேக்க மாட்டார். தெரியாதவங்க கண்ணுக்கு இது சோம்பேறித்தனமா படும். "அண்ணே, ஒரு மாசம் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டா பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க, சில பேர் நம்மள விட நல்லாவே பாத்துக்குறாங்க.

முதல் சம்பளம் வர்ற வரைக்கும் கையில காசே இருக்காதுங்கறதால ஆரம்பத்துல வாரச் சம்பளமா கேட்டு வாங்குங்க. வாய்தா தேதியும் ஸ்டேஷன்ல கையெழுத்து போட வேண்டிய நாளும் முதல் நாளே எழுதிக் குடுத்துருங்க, இல்லன்னா சொல்லாம லீவு போட்டான்னு ஆயிடும்.

இவங்களுக்கு வேற போக்கிடம் இல்லன்னு கம்மி சம்பளம் பேசுற ஓனரும் உண்டு. அங்க டீ கூட குடிக்காம எந்திரிச்சு வந்துருவோம், மத்தவங்களுக்கு என்ன சம்பளமோ அதேதான்.

பெண்களுக்குத்தான் இன்னும் சரியா அமையல, குழந்தைய விட்டுட்டு ஷிஃப்ட்டுக்கு வர முடியாது, கேக்குற இடமெல்லாம் தையல்னு ஒரே பதில். இப்போதைக்கு ஒரு லாண்டரி யூனிட்ல பேசிட்டிருக்கோம், ஓனரம்மா ஓகே சொல்லிட்டாங்க, அடுத்த வாரம் அவங்க சூப்பர்வைசர பாக்கணும்.