பேட்டரி விளக்கு எரிந்த நேரமும் எரியாத நேரமும்

இருபது வயதைக் கடந்த என் காரில், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இரண்டு மாதங்களாக அவ்வப்போது மங்கலாக மினுங்கி மறைந்துகொண்டிருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகும்போதுதான் பெரும்பாலும் அது தெரியும். வேகத்தைக் கூட்டினால் அணைந்துவிடும். பணிமனையில் கொண்டுபோய் நிறுத்திய இரண்டு முறையும் அது எட்டிப் பார்க்கவே இல்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடலாம் என்றார்கள். எது பழுது என்று தெரியாமல் ஒரு பொருளைக் கழற்றி எறிய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் செய்தது வழக்கமான அளவுகள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 அளவில் இருக்க வேண்டும் என்பதால், அது அரைகுறையாகத்தான் ஏறுகிறது என்று புரிந்தது. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, மின்விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டு அளந்தபோது பேட்டரி முனைகளில் 13.6 வோல்ட் இருந்தது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ இல்லை. இழுவையும் சரியாக இருந்தது. ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார்ப்பது என்று ஒரு பழைய சோதனை உண்டு. தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி, ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரையும் மற்ற மின்னணுப் பாகங்களையும் பாழாக்கிவிடலாம்.

அடுத்து, ஒயர்களில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்த்தேன். எல்லா லோடும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தபோது 0.1 வோல்ட்தான் வந்தது. எஞ்சின் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வைத்தபோது 0.45 வந்தது. இந்த இரண்டையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினால் அதன் வளையத்துக்கு அடியில் துருவும் பெயிண்டும் கலந்த ஒரு படலம். உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்கியதும் அந்த இழப்பு 0.05-க்கு இறங்கி, பேட்டரியில் 14 வோல்ட் வந்தது. வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். நான்காம் நாள் மாலை விளக்கு மறுபடி மினுங்கியது.

எர்த் பழுது உண்மையானதுதான், ஆனால் விளக்குக்குக் காரணம் அதுவல்ல. எனவே கோளாறு நடக்கும் நொடியிலேயே அளப்பது என்று முடிவு செய்தேன். பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைத்த இரண்டு நீள ஒயர்களைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து, மீட்டரைத் தம்பி மடியில் கொடுத்து, சூடேறும்வரை ஓட்டினோம். டிஜிட்டல் மீட்டர் நொடியில் சில முறைதான் அளக்கும். குறுகிய வீழ்ச்சி அதில் தவறிவிடலாம் என்பதால் முள் மீட்டரையே பயன்படுத்தினேன். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்கு மினுங்கியது, அதே கணத்தில் "அண்ணா, முள் பன்னிரண்டரைக்கு வந்துடுச்சு" என்றான். ஆக, விளக்கின் ஒயரில் மட்டும் கோளாறு இல்லை. சார்ஜே நின்று நின்று வருகிறது.

வழியைக் காட்டியது விளக்கு எரிந்த நேரமல்ல, எரியாத நேரம். வண்டியை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் சாவியைத் திருப்பினேன்; ஆயில் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரியவில்லை. ஆல்டர்னேட்டர் உடலை ஒரு கட்டையால் லேசாகத் தட்டியதும் எரிந்தது. இந்த வகை வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வெறும் அறிவிப்பு அல்ல. சாவி போட்டதும் பேட்டரி மின்சாரம் பல்பின் வழியே ரெகுலேட்டருக்கும், அங்கிருந்து கார்பன் பிரஷ் (ஸ்பிரிங்கால் தள்ளப்பட்டு உரசி நிற்கும் கரித்துண்டு), அது உரசும் சிலிப் ரிங் என்ற உலோக வளையம் வழியே, ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் பாகமான சுழலியின் சுருளுக்கும் போய், தொடக்கக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கி ஆல்டர்னேட்டரும் அதே அளவு மின்னழுத்தம் கொடுத்ததும் பல்பின் இரு பக்கமும் சமமாகி அது அணைகிறது. எனவே சாவி போட்டும் பல்பு எரியாவிட்டால், ஒன்று பல்பு போயிருக்க வேண்டும், அல்லது அந்தப் பாதை எங்கோ அறுந்திருக்க வேண்டும். தட்டினால் எரிகிறது என்றால், சந்தேகம் நேராக பிரஷ்ஷின் மேல் போய் விழுகிறது.

பேட்டரியின் மைனஸ் ஒயரை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் இரண்டு திருகுகளைக் கழற்றியதும் ரெகுலேட்டரும் பிரஷ்களும் ஒன்றாகக் கையோடு வந்தன. ஒரு பிரஷ் 6 மி.மீ. வெளியே நின்றது, இன்னொன்று 3 மி.மீ.தான், அதுவும் விரலால் அழுத்தினால் கரித்தூளில் சிக்கி உள்ளேயே தங்கிவிட்டது. என் வண்டியின் கையேடு சொல்லும் எல்லை 5 மி.மீ. சிலிப் ரிங் இரண்டுக்கும் இடையே 3.2 ஓம் நிலையாக வந்தது, சுழலியின் தண்டோடு மின்தொடர்பு எதுவும் இல்லை. சுழலி நலமாக இருக்கிறது. கருத்திருந்த வளையங்களை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, புது பிரஷ்களைப் பற்றவைத்தேன். இதில் பற்றவைக்கும் ஈயம் பிரஷ்ஷின் பின்னல் ஒயருக்குள் ஊறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊறினால் ஒயர் விறைத்து, ஸ்பிரிங் தள்ளினாலும் பிரஷ் நகராது. முதல் பிரஷ்ஷில் எனக்கு அப்படித்தான் ஆனது, எடுத்துவிட்டு மீண்டும் செய்தேன்.

மூன்று வாரங்கள் ஓட்டியாயிற்று. சூடான எஞ்சினில், எல்லா லோடும் போட்ட நிலையில், ஐடிலில் 13.9 வோல்ட் நிற்கிறது. காலையில் பேட்டரி 12.6 காட்டுகிறது. ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் அந்தச் சிவப்பு விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புகிறேன்.