வலது பெருவிரல்

கையைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. இடைவேளையில் மண்ணில் விளையாடிவிட்டு நேரே வந்த பிள்ளை. ஒன்பது விரலிலும் ஊத்தை. வலது பெருவிரல் மட்டும் வெளுத்து, ஊறிப்போய், கழுவி வைத்த மாதிரி இருந்தது. கணுவுக்கு மேலே சின்னக் காய்ப்பு வேறு. "பின்பல்லால கடிச்சுக் காட்டுங்க மகள்" என்றேன். கடித்தாள். பின்னால் பற்கள் சேர்ந்தன. முன்னால் மேலும் கீழும் தொடவேயில்லை. பல் பார்க்கும் என் சின்னக் கண்ணாடியின் பிடி அந்த இடைவெளிக்குள் போய் வந்தது.

தரம் 2. ஏழு வயது. சூத்தைப் பல் ஒன்றை அடைக்கத்தான் அம்மம்மா கூட்டி வந்திருந்தார். விரல் சூப்புவதைப் பற்றி நான் கேட்டதும் அவர் கொட்டித் தீர்த்தார்: "எல்லாம் செய்து பாத்திட்டன் மிஸ். வேப்பெண்ணெய் பூசினன், கொச்சிக்காய் தேய்ச்சன், ராவில துணி சுத்திக் கட்டினன். தாய் குவைத்துக்குப் போனதுக்குப் பிறகு இன்னும் கூடிட்டு."

அப்போதுதான் நான் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்: "இப்பிடியே சூப்பினா பல்லு இன்னும் வெளிய வந்திரும் மகள். அம்மா வரக்குள்ள, ஆருட பிள்ளையெண்டு அவவுக்கே தெரியாமப் போயிரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அதட்டவில்லை. பிள்ளை அழவில்லை. வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டாள். அடைப்பு முடிந்து எழும்பும்வரை அந்தக் கை வெளியே வரவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நிறையக் காரணம் உண்டு. வெளியே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் அவளுடைய வயது. கைக்குழந்தை விரல் சூப்புவதில் பிழை ஒன்றுமில்லை, வயிற்றுக்குள்ளேயே சூப்பும். இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். ஆறு, ஏழு வயதில் நிலையான முன்பற்கள் முளைக்கத் தொடங்கிய பிறகும் விரல் வாய்க்குள் இருந்தால்தான் பிரச்சினை. மேல்பற்கள் முன்னுக்குத் தள்ளும், கீழ்ப்பற்கள் உள்ளே சாயும். விரல் நாக்கைக் கீழே அமத்தி வைக்க, கன்னம் இரு பக்கமும் நெருக்க, மேல்தாடை ஒடுங்கும். பிறகு அந்த இடைவெளிக்குள் நாக்கும் வந்து தள்ளப் பழகிவிடும். எவ்வளவு பலமாகச் சூப்புகிறது என்பதைவிட எத்தனை மணித்தியாலம் சூப்புகிறது என்பதுதான் முக்கியம். இவளோ விடிய விடியச் சூப்புகிற பிள்ளை. முன்பல் இரண்டும் அப்போதுதான் பாதி வந்திருந்தன. அந்த நேரத்தில் பழக்கம் நின்றால் பல் தானாகவே இறங்கிச் சேர நல்ல வாய்ப்பு உண்டு. விட்டால், அண்ணத்தில் கம்பி வைப்பது, பிறகு பல்லுக்குக் கம்பி போடுவது என்று வருடக்கணக்காக இழுபடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து அந்த மனுசி முழங்கால் வலியோடு ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வருவாரா? வரமாட்டார். வெளியே தள்ளிய பல் விழுந்தால் உடைவதும் சுலபம். இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

அது பலித்தது. ஆறு கிழமை கழித்து அம்மம்மா ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தார். "நீங்க சொன்ன அண்டைக்கே விட்டிட்டாள் மிஸ், ராவிலயும் இல்ல." நான் அன்றைக்கு வீட்டில் பெருமையாகச் சொல்லிச் சொல்லி அந்தத் தயிரைச் சாப்பிட்டேன்.

எட்டு மாதத்தில் பார்த்தபோது இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. அதே நாள்தான் அம்மம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். தாய் வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தால் இவள் முகம் காட்டுவதில்லையாம். கூப்பிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வருவாளாம், இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் நின்று கதைப்பாளாம். "வெக்கம் வந்திட்டு, பெரிசாகிறாள்தானே." அம்மம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன வெட்கம்? நான் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். வகுப்பில் யாராவது பகிடி பண்ணியிருக்கலாம், முன்பல் விழுந்து முளைக்கிற வயதில் எத்தனையோ பிள்ளைகள் வாயைப் பொத்துவார்கள். அப்படித்தான் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டேன். பிறகு தொடைக்குக் கீழே போன அந்தக் கை ஞாபகத்துக்கு வரும்.

பிள்ளையை வெருட்டக்கூடாது, ஏசக்கூடாது, முதலில் காரணத்தைத் தேடு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மம்மா வாயாலேயே சொன்னார். மூன்று வயதில் தாய் போன பிள்ளைக்கு நித்திரைக்குத் துணையாக இருந்தது அந்த விரல்தான். அதை எடுக்கத் தாயையே ஆயுதமாக்கினேன். வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். "அம்மா வரக்குள்ள வடிவான பல்லைக் காட்டலாம்" என்று? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதிலும் தாயைத்தான் இழுக்கிறேன். எப்போது வருவார் என்று எனக்கோ அம்மம்மாவுக்கோ தெரியாத ஒருவரை.

அதற்குப் பிறகு நான் அப்படிப் பேசுவதில்லை. போன வருடம் ஒரு பையன் வந்தான், அதே வயது, அதே பழக்கம். கலண்டர் ஒன்று கொடுத்து, சூப்பாத நாளுக்கு நட்சத்திரம் ஒட்டச் சொன்னேன். இரவில் கைக்கு ஒரு சொக்ஸ் போடுங்கள், ஏசாதீர்கள், பக்கத்தில் படுத்து ஒரு கதை சொல்லுங்கள் என்று தாய்க்கும் விளங்கப்படுத்தினேன். எல்லாம் முறைப்படி. இரண்டு மாதம் நட்சத்திரம் ஒட்டினான், பிறகு கலண்டரே காணாமல் போய்விட்டது. இன்றைக்கும் சூப்புகிறான். மேல்பற்கள் நன்றாகவே வெளியே வந்துவிட்டன. நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கொடுத்தேன், இன்னும் போகவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு அவளிடம் சொன்னது சரிதானோ என்று ஒரு நினைப்பு வரும். உடனே என்மேலேயே கோபம் வரும்.

இந்த வருடம் தரம் 4 பிள்ளைகளுக்குப் பரிசோதனை. அவளும் வந்தாள். கடிக்கச் சொன்னேன். முன்பல் சேர்ந்துவிட்டது, மேலே கொஞ்சம் முன்தள்ளல் மட்டும்தான். நகத்தைப் பார்த்தேன், பத்தும் சதை தெரியக் கடித்திருந்தாள்.

"பல்லு நல்ல வடிவா வந்திட்டு மகள். அண்டைக்கு மிஸ் சொன்னது ஞாபகம் இருக்கா? அது சும்மா சொன்னது. அம்மாவுக்கு உங்கள எப்பவும் தெரியும்."

அவள் தலையாட்டினாள். ஞாபகம் இருக்கிறது என்றா, இல்லை என்றா தெரியவில்லை. வெளியே நின்ற அம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதையெல்லாம் பெரிசா எடுக்காதீங்க மிஸ், பல்லு சரியா வந்திட்டுதானே" என்றார். அடுத்த தவணைக்குத் தயிர் கொண்டு வரட்டா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.