மூணாம் நாள் சுண்டக்குழம்பு

பொங்கல்னாலே எனக்கு டிக்கெட் டென்ஷன்தான் ஞாபகம் வரும், அதனால மூணு வருஷமா சென்னைலயே குக்கர்ல நாலு விசில் விட்டு சாப்ட்டு படுத்துடுவேன். இந்த தடவ அம்மா "வந்தா வாடா, வரலன்னா நான் பாட்டுக்கு வச்சிக்கிறேன்"னு ஒரு மாதிரி சொல்லவும் கும்பகோணத்துக்கு அன்ரிசர்வ்டுல நின்னுகிட்டே போய் இறங்கினேன்.

வாசல்ல மூணு செங்கல், புதுப்பானை, கழுத்துல மஞ்சக்கொத்து. சம்பா அறுப்பு ஆரம்பிச்சிருச்சு, அரிசி புதுசு. புது அரிசி தண்ணி கம்மியாதான் குடிக்கும், நான் பழைய அரிசி கணக்குல ஊத்தி கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. அம்மா திட்டல, வெல்லத்த போட்டு கிண்டி சமாளிச்சிட்டாங்க.

ஆனா எனக்கு சர்க்கரைப்பொங்கல விட (சொன்னா அடிக்க வருவாங்க) கூட்டுக்குழம்புதான் பண்டிகையே. பறங்கி, அவரை, பச்சை மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, வாழக்கான்னு கொல்லையில இருந்ததும் பக்கத்து வீட்டு சித்தி குடுத்ததுமா எல்லாம் ஒரே சட்டில, புளியும் கெட்டியா. முதல் நாள் சுமார்தான். மாட்டுப்பொங்கலுக்கு சுண்ட வச்சு, காணும்பொங்கலுக்கு இன்னும் சுண்ட வச்சு காய் எது குழம்பு எதுன்னு தெரியாம ஆகும் பாருங்க, அத பழைய சாதத்துல வச்சு திண்ணைல உக்காந்து மூணு தடவ வாங்கி சாப்ட்டேன்.

கெளம்பும்போது மிச்சத்த தூக்குல கட்டி குடுத்தாங்க. இப்ப ஃப்ரிட்ஜ்ல கால் கிண்ணம் இருக்கு, ரூம்மேட் கேட்டான், தீந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்.