முதல் ஊசியைப் போட்டது யார்?

போதை மறுவாழ்வு மையத்திற்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். கையில் எட்டுப் பக்கப் படிவம். அதில் இல்லாத ஒரு கேள்வியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்: "முதல் ஊசியை யார் போட்டது?"

ஆண்கள் பெரும்பாலும் ஒரு கூட்டாளியைச் சொல்வார்கள், அல்லது "நானேதான்" என்பார்கள். பெண்களோ கணவன், காதலன் என்று ஒருவனைத்தான் அதிகம் சொல்கிறார்கள். பல வருடம் ஹெராயின் எடுத்தும் தானாக ஊசி போடத் தெரியாத பெண்கள் உண்டு. கையை நீட்டுவார்கள், அவன் தனக்குப் போட்டுக்கொண்டு, பிறகு அதே ஊசியை இவளுக்குப் போடுவான். ரத்தத்தின் வழி பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் சி வந்து சேர வேறு வழி வேண்டுமா?

வழக்கு விவரங்களுக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. ஆண்களிடம் அது நிரம்பிவிடும்: பள்ளியில் அடிதடி, திருட்டு, சிறை. பெண்களிடம் பல நேரம் அது காலி. குடும்பத்துக்கு விட்டிருக்கும் நான்கு வரிதான் அவர்களுக்குப் போதாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருக்கும். சிறுவயதுப் பாலியல் வன்முறை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை பெண்களிடம் அதிகம் என்று ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. படிவத்தைத் தயாரித்தவர் மனத்தில் ஓர் ஆண்தான் இருந்திருப்பான்.

இன்னொன்று. ஹெராயின் மாதவிடாயை நிறுத்திவிடக்கூடும். இனிக் கரு தங்காது என்று நம்பியிருந்து, வயிறு தெரிந்த பிறகு வருகிறவர்கள் உண்டு. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் பாதியை மறைப்பார்கள். அவர்களிடம் படிவத்தை மூடிவைத்துவிட்டுத்தான் பேசுவேன்.

ஆணுக்கு வழக்கு, பெண்ணுக்குக் காயம் என்று பிரித்து வைத்துக்கொள்வது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் அதைக் கெடுத்தார். மூன்று திருட்டு வழக்குகள், கலகலப்பான மனிதர். நான்காவது சந்திப்பில், தீப்பெட்டியின் மேல்தாளை நகத்தால் உரித்துக்கொண்டே, ஒன்பது வயதில் உறவினர் ஒருவர் செய்ததைச் சொன்னார். இரண்டே வாக்கியம். பிறகு தண்ணீர் கேட்டார்.

அவர் போனதும் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "சிறுவயதில் வன்முறை" என்ற இடத்தில் "இல்லை" என்று குறித்திருந்தது. என் கையெழுத்து. அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டதாகவே நினைவில்லை. வழக்குகளைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதி போட்டேன். முதல் தேதிக்கும் அதற்கும் ஏழு வாரம் இடைவெளி. அந்த ஏழு வாரமும் ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் குடிக்க அவர் தினமும் என் மேசையைத் தாண்டித்தான் போனார்.