35 மில்லிமீட்டரில் போன மூன்று நாள்: லாரி முன் ஷாக் வாங்கிய கதை

பத்து சக்கர லாரிக்கு முன் அச்சு ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி மாற்றுவது அரை நாள் வேலை. இந்த வண்டிக்கு இரண்டு ஜோடி ஆனது, நாமக்கல்லுக்கு இரண்டு நடை ஆனது, மூன்று நாள் ஓட்டம் போனது. எல்லாம் ஒரே ஒரு அளவைப் பார்க்காததால்.

பழசு போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை. முன் டயரைத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தித் தொட்டால் வலப்பக்கம் சூடு, இடப்பக்கம் ஜில்லென்று கிடந்தது. வேலை செய்கிற ஷாக் சூடாகத்தான் செய்யும். மேலே லேசாக எண்ணெய் பூத்திருந்தால் மட்டும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். வழிந்து சொட்டினால்தான் சீல் போனதாக அர்த்தம். கிங்பின் (முன் சக்கரம் திரும்புகிற முளை) ஆட்டத்தையும், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். அங்கே கோளாறு இருந்தால் புது ஷாக் போட்டும் ஆட்டம் நிற்காது.

கடையில் வண்டிப் பெயரையும் வருஷத்தையும் மட்டும் கேட்டார்கள். "இந்த வண்டிக்கு இதுதாண்ணே, கண்ண மூடிட்டு மாட்டுங்க." இரு முனை வளையம், அதனுள் ரப்பர் புஷ், போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. மாட்டியும் ஆயிற்று. நாலாவது நாள் ஒவ்வொரு வேகத்தடையிலும் இரும்பு மோதுகிற சத்தம். கீழே படுத்துப் பார்த்தால் மேல் பிராக்கெட்டில் போல்ட் துளை முட்டை வடிவமாகியிருந்தது. அச்சு மேலே வரும்போது இடிக்க வேண்டிய பம்ப் ரப்பரில் பழைய தூசி அப்படியே இருந்தது. ரப்பர் தாங்க வேண்டிய அடி முழுவதையும் ஷாக் வாங்கியிருக்கிறது.

பழசும் புதுசும் பக்கத்தில் வைத்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முழுதாக அழுத்தியபின் போல்ட் மையத்திலிருந்து மையம் வரை பழசு 425 மி.மீ., புதுசு 460. இழுத்தால் பழசு 695, புதுசு 760. "நீளம் அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று கடையில் சொன்னதில் பாதிதான் உண்மை. இழுபடும்போது அது நல்லது, அழுந்தும்போது அதுவே எமன்.

கடைக்குப் போகுமுன் வண்டியிலேயே கணக்குப் போடலாம். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே அளந்தால் 550. பம்ப் ரப்பருக்கும் அது இடிக்கும் தகட்டுக்கும் இடைவெளி 95. கழித்தால் 455. ரப்பர் அமுங்குவதற்கு 25 விட்டால் 430. ஷாக்கின் மூடிய நீளம் இதைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். லோடு இருக்கிறதா இல்லையா என்ற கவலை வேண்டாம். இரண்டு அளவும் சேர்ந்தே ஏறி இறங்கும் (ஷாக் ரொம்பச் சாய்ந்து நின்றால் மட்டும் கொஞ்சம் பிசகும்). அடுத்து சேசிஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தொங்கும்போது அளந்தால் 660. திறந்த நீளம் அதைவிட 15 மி.மீ.யாவது கூட வேண்டும். இடையில் யாராவது ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஏற்றியிருந்தால் பழைய ஷாக்கின் அளவை நம்பாமல் மறுபடி அளந்து பாருங்கள். ஏர் சஸ்பென்ஷனில் இன்னும் கவனம்: பெல்லோஸ் (காற்றுப் பை) அளவு மீறி நீளாமல் பல வண்டிகளில் பிடித்து நிறுத்துவது ஷாக்தான். நீளமானதைப் போட்டால் பெல்லோஸ் கிழியும்.

"ஹார்டா இருக்கறதா கொடுங்க" என்று கேட்பதும் தப்பு. பல பட்டை அடுக்கிய பழைய ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலில் ஒரு பகுதியை அடக்கிவிடும். நடுவில் தடித்து முனையில் மெலிந்த சில பட்டைகளே உள்ள பாராபோலிக் ஸ்பிரிங்கில் அந்த உரசல் குறைவு, வேலை பெரும்பாலும் ஷாக் தலையில்தான். ஒன்றுக்கான ஷாக்கை மற்றதற்குப் போட்டால் வண்டி துள்ளும், இல்லையென்றால் பிராக்கெட் வெடிக்கும். பெயரை விட்டுவிட்டு சேசிஸ் நம்பரைச் சொல்லி பார்ட் நம்பர் வாங்குங்கள். இரண்டாம் தடவை அப்படித்தான் கிடைத்தது.

பெயின்ட் அடித்த பழசும் புதுப் பெட்டியில் வருகிறது. குழாயில் பொறித்த எண் பெயின்டுக்கு அடியில் மங்கித் தெரிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். கையால் இழுக்கும்போது அழுத்துவதைவிட இறுக்கமாக இருக்க வேண்டும்.

மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுதாக இழுத்து அழுத்துங்கள். படுக்கவைத்த ஷாக்கில் உள்ளே காற்று ஏறியிருக்கும். முதலில் வெறுமனே போய் வரும், பிறகு சீராக இறுகும். ராடில் பிளையர் படக்கூடாது, ஒரு கீறல் போதும் சீலுக்கு. புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது சக்கரம் தரையில் நின்றபின்தான். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

முதல் ஜோடியைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. புஷ்ஷில் போல்ட் தடம் இருக்கிறதாம். பில்லில் சேசிஸ் நம்பரை எழுதி வாங்கியிருந்தால் வாதாட ஒரு பிடி இருந்திருக்கும்.

இந்தத் தடவை பம்ப் ரப்பரில் கொஞ்சம் கிரீஸ் தடவி லோடு ஏற்றி அனுப்பினோம். திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் எதிர்த் தகட்டில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கிரீஸ் தடம்.