அல் ஹம்ராவின் மண் வீட்டுக்குள்

மஸ்கட்டின் ரூவி பகுதியில் வீடு எடுத்தவர்களுக்கு ஓமன் ரொம்ப வசதியான நாடு. நடக்கிற தூரத்தில் நம்மூர்ச் சாப்பாடு, மளிகைக் கடையில் கறிவேப்பிலை, அலுவலகத்தில் திரும்பின பக்கமெல்லாம் மலையாளிகள். வாரக் கடைசியில் முத்ரா கடற்கரை, அப்புறம் ஊருக்கு வீடியோ கால். ஒரு ஓமானி வீட்டு வாசற்படியை மிதிக்காமலேயே வருஷக்கணக்கில் இங்கே காலம் தள்ளிவிடலாம். தள்ளியவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர் ஓமானி, உள்நாட்டுப் பக்கத்துக்காரர். ஓமன் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் அல் ஹம்ராவில் பைத் அல் சஃபா என்ற பழைய வீடு இருக்கிறது, போய் வாருங்கள் என்றார். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போய் அங்கிருந்து மலைப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஓமனின் உச்சியான ஜபல் ஷம்ஸ் மலையின் அடிவாரத்து ஊர். ஒரு பாறைச் சரிவில் இரண்டு, மூன்று மாடி மண் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழே பேரீச்சந் தோப்பு, நடுவே ஃபலஜ் எனப்படும் வாய்க்கால். அந்த வீடுகளில் ஒன்றைச் செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

பழைய மஸ்கட்டில் இருக்கிற பைத் அல் சுபைரை முன்பே பார்த்திருந்தேன். அதுவும் 1914-இல் கட்டிய குடும்ப வீடுதான். 1998-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கஞ்சர் எனப்படும் வளைந்த குத்துவாள்கள், வெள்ளி நகைகள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக இருக்கும். ஆனால் அங்கே வீட்டு வாசனை கிடையாது. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தூரமாக இருந்தாலும் நான் ஹம்ராவுக்குத்தான் போகச் சொல்வேன்.

தலையைக் குனிந்து உள்ளே போனதும் முதலில் உறைப்பது குளிர்ச்சி. முழக் கணக்கில் கனமான மண் சுவர், சின்னச் சின்னச் சன்னல்கள். அண்ணாந்து பார்த்தால் பிளந்த பேரீச்ச மரங்கள், அவற்றின் மேல் ஓலை, அதற்கு மேல் வைக்கோல் கலந்த மண். அடுப்பங்கரையில் அத்தனையும் புகை படிந்து கரிக்கட்டை நிறத்தில் இருக்கிறது. கயிற்றில் தொங்கும் மண்பானைக்கு ஜஹ்லா என்று பெயர். அதில் கசியும் நீர் காற்றில் உலர உலர உள்ளே இருக்கும் தண்ணீர் குளிரும். படிகள் மட்டும் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். தண்ணீர்க் குடத்தோடு இதில் ஏறியிருக்கிறார்களே!

உள்ளூர்ப் பெண்கள் பளிச்சென்ற உடையில் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் சூடான இரும்புத் தட்டில் மாவைக் கையாலேயே தேய்த்து இழுத்தார். நம் தோசையை விட மெல்லிய ரொட்டி, தொட்டால் நொறுங்குகிறது. கரண்டி கிடையாது, உள்ளங்கைதான். எப்படிச் சுடாமல் இருக்கிறதோ. இன்னொரு பாட்டி விதைகளை நசுக்கிப் பிசைந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். முருங்கை விதை! நம் வீட்டு முருங்கை இல்லை, அரேபிய மலைகளில் தானாக வளரும் அதன் பங்காளி. நாம் காயையும் கீரையையும் தின்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இவர்கள் விதையிலிருந்து தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் எடுத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். விடிய விடிய செய்த வீட்டு வேலையை ஒருவர் ஐந்து நிமிடக் காட்சியாகச் செய்ய, நாங்கள் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறோம். ஆனால் கஹ்வா எனப்படும் காபி தருவதற்காக மஜ்லிஸில், அதாவது விருந்தினர் அறையில், உட்கார வைத்தபோது அந்தச் சங்கடம் போய்விட்டது. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார வேண்டும். முதலில் பேரீச்சம்பழம், அப்புறம் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா. கால் பாகம்தான் ஊற்றுவார்கள். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தால் போதும். வாங்குவது, கொடுப்பது எல்லாம் வலது கையால். இதைத் தெரிந்துகொண்டு போனால் யார் வீட்டுக்கும் தைரியமாகப் போகலாம். அடுத்த பெருநாளுக்கு நான் போனேன்.

இந்த வீடுகள் ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 1970-இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுக்க மூன்று பள்ளிக்கூடங்கள்தான், தார்ச்சாலை பத்து கிலோமீட்டர் அளவுக்குத்தான். கடற்கரை ஊர்களில் நம் ரிசர்வ் வங்கி 1959-இல் வளைகுடாவுக்கென்றே அச்சடித்த ரூபாய் புழங்கியது. உள்நாட்டில் ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பதித்த வெள்ளி நாணயம். அதற்கப்புறம் சாலை, மின்சாரம், சிமெண்ட் வீடு, ஏசி என்று வரிசையாக வந்தன. ஊர் ஜனம் கீழே இறங்கிவிட்டது. பைத் அல் சஃபாவைச் சுற்றியுள்ள வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றுக்குக் கூரையே இல்லை. மண் வீட்டுக்கு ஆள் புழக்கம் வேண்டும். மழை கரைத்ததை உடனுக்குடன் பூசாவிட்டால், ஓலைக் கூரை வழியாக நீர் இறங்கிச் சுவரையே சாய்த்துவிடும். ஃபலஜில் மட்டும் தண்ணீர் ஓடுகிறது, தோப்புக்கு இன்னும் அதுதான்.

திரும்பி வந்து எதிர் மேசைக்காரரிடம் படங்களைக் காட்டினேன். எந்த அறையில் பேரீச்சம்பழம் அடுக்குவார்கள், எதில் தானியம் வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அவருடைய அம்மா அப்படியொரு வீட்டில் வளர்ந்தவராம். ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டலாமே என்றேன். கூப்பிட்டுப் பார்த்தாராம். அந்தப் படிகளில் நான் ஏறினது போதும், இதில் டிக்கெட் வேறு எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அந்த அம்மா காரை விட்டு இறங்கவே இல்லையாம்.